ஏழாம் பாகத்தின் முடிவு குறித்து, அக்காவுக்கு

அக்கா,

நம் கதைப் புத்தகத்தின் மூன்றாம் பாகத்தைத் திறந்ததும் தும்மல் வந்தது. ஐப்பசி மழையில் அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. இன்று நல்ல வெயில் என்று புத்தகங்களை எல்லாம் மாடிக்கு எடுத்துப்போய் விரித்துப் போட்டேன். மற்றவற்றில் பழைய காகித வாசனைதான். இது ஒன்றிலிருந்து மட்டும் மிளகாய் நெடி கிளம்பியது. பக்க ஓரங்களில் உங்கள் கட்டைவிரல் பதிந்த செந்தடம் இன்னும் அழியவில்லை. மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டே நீங்கள் படித்த பாகம் அது.

நான் தொடர்ந்து தும்முவதைக் கேட்டு உங்கள் கொழுந்தனார் கீழேயிருந்து குரல் கொடுத்தார்: "இன்னா ஆச்சி?"

"அக்கா," என்றேன். ஒரு சொம்புத் தண்ணீரை மாடிப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே நைனார்பாளையத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். நீங்கள் திருக்கோவிலூரிலிருந்து அண்ணனான மாமாவுக்கு, நான் சின்னசேலத்திலிருந்து தம்பியான இவருக்கு. மாமனார் இருந்தவரை ஒரே அடுப்பு. அவர் போனதும் நிலம் பிரிந்தது, கிணறு மட்டும் பொதுவில் நின்றது. இவர் முறையில் மாமா மோட்டாரைப் போட்டார், அவர் கரும்பு காய்ந்தது, இவர் மல்லாட்டைக் கடலை காய்ந்தது என்று கிணற்றடியில் ஒருநாள் வார்த்தை தடித்தது. வேலைக்கு வந்த ஆட்களுக்கு முன்னாலேயே "அப்பன் செத்தப்புறம் நீ யாரு எனக்கு?" என்று இவர் கேட்டுவிட்டார். மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுவாரம் வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியது. அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாவிட்டால் ஓரகத்திகளும் பேசக்கூடாது என்பது நம்மைக் கேட்காமலே போட்ட சட்டம். நாமும் அதை வருடக்கணக்கில் மதித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

என் மகள் சென்னைக்கு வேலைக்குப் போனாள். வீடு வெறிச்சென்று ஆனது. அவள் பள்ளிக்கூட நாட்களில் ஒவ்வொன்றாக அடம்பிடித்து வாங்கிய ஏழு பாகக் கதை அலமாரியில் இருந்தது. வெளிநாட்டுக் கதை, யாரோ நல்ல தமிழில் மாற்றியிருந்தார்கள். அட்டையில் தொப்பி போட்ட நீர்நாய் ஒன்று படகு தள்ளிக்கொண்டு போகும். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று அதுவரை நான் தூசி தட்டியதோடு சரி. ஒருநாள் மாடியில் சோளம் காய வைத்துவிட்டு, கோழி வராமல் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தபோது, கை சும்மா இருக்கிறதே என்று முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

லின்னா என்று ஒரு பெண், ஆஸ்கர் என்று அவள் தம்பி. பனி மூடிய காலையில் படகில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால், ஆறு கடலிலிருந்து மலைக்கு மேல்நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மலைநாட்டில் ஒரு ராணி ஆற்றை அடைத்து வைத்திருக்கிறாள். கீழே ஊரெல்லாம் காய்கிறது. நான் தலை நிமிரவே இல்லை. கோழி வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது, அதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் மாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல்.

"இன்னா சாந்தி, கோழி பூரா தின்னுட்டு போவுது. அப்படி இன்னாதான் படிச்சிக்கினு இருக்க?"

நீங்கள் என்னிடம் பேசிவிட்டீர்கள் என்பது நம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நான் எழுந்து நின்றேன். "புள்ளைங்க கத அக்கா," என்றேன்.

"புள்ளைங்க கதைய நீ ஏன் படிக்கிற?"

"நல்லா இருக்கு அக்கா."

தெருவைப் பார்த்தீர்கள். பிறகு கையை நீட்டினீர்கள். "முடிச்சிட்டுக் குடு."

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் முடித்த பாகம் சுவரைத் தாண்டி உங்களிடம் வரும். நீங்கள் என்னைவிட வேகம். நான் இரண்டில் பாதியில் இருக்கும்போது ஒன்றை முடித்துவிட்டு, "இன்னும் எத்தினி நாளு வெச்சிக்கினு இருப்ப?" என்று சுவரைத் தட்டுவீர்கள். மூன்றிலிருந்து நீங்கள் முந்திக்கொண்டீர்கள். நான் சோறாக்கும் நேரத்தில் நீங்கள் படித்தீர்கள், நான் கதிர் அறுக்கப் போன நேரத்தில் நீங்கள் படித்தீர்கள். மாமா கேட்டால் "கோயில் புக்கு" என்று சொல்லிவைத்திருந்தீர்கள்.

வயது வந்தவர்கள் இந்தக் கதைகளைப் படித்தால் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிப் போவதாக யாரோ எழுதியதைப் படித்திருக்கிறேன். எனக்கு அது பொருந்தாது. திரும்பிப் போவதற்கு நமக்கு அங்கே எதுவும் இல்லை. நீங்கள் எட்டாவதோடு நின்றவர், நான் பன்னிரண்டாவது முடித்து அதே வைகாசியில் கல்யாணமானவள். பாடப்புத்தகம் தவிர எவர் கையிலும் கதைப் புத்தகம் பார்த்ததில்லை. நாம் அந்த மலைநாட்டுக்கு முதல்முறையாகப் போனோம். பிள்ளை பெற்று, சீமந்தமும் சாவும் பார்த்து, கிணற்றுச் சண்டையும் பார்த்த பிறகு போனோம். அதனால் பிள்ளைகள் பார்க்காததை எல்லாம் பார்த்தோம்.

இரண்டாம் பாகம் முடிந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறது. "அந்தப் புள்ளைங்க ரெண்டும் காணாம போய் இத்தினி நாளாவுது. அவங்க அம்மாகாரி இன்னா பண்ணிக்கினு இருந்திருப்பா?" மகளிடம் போனில் இதைச் சொன்னேன். அவள் பத்து வயதிலிருந்து அந்தக் கதையை மனப்பாடமாக வைத்திருப்பவள். "அம்மா, நான் ஒருதடவகூட அவங்கள நெனச்சதில்ல," என்றாள்.

மூன்றாம் பாகத்தில் ராணியின் கதை வெளிவந்தது. அவள் மகன் அந்த ஆற்றில் மூழ்கிச் செத்தவன். அதற்குத்தான் ஆற்றை அடைத்திருக்கிறாள். எனக்கு அப்போதும் அவள்மேல் இரக்கம் வரவில்லை. நீங்கள் மிளகாய் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு சண்டைக்கு வந்தீர்கள்.

"அடச்சது தப்புதான். ஆனா அவகிட்ட போய் ஆறுதலா ஒரு வார்த்த யாராவது சொன்னாங்களா? எல்லாரும் தண்ணி குடு, தண்ணி குடுன்னுதான் போறாங்க."

"ஊரே காயுது அக்கா. கெட்டவதான அவ?"

கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னீர்கள்: "தண்ணிய அடச்சவன்லாம் கெட்டவன்னா, நம்ம வூட்ல எத்தினி கெட்டவன் இருக்கான் பாரு."

அதற்குப் பிறகு சில நாள் மாமாவைத் தெருவில் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டு போகாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். தம்பி "நீ யாரு எனக்கு" என்று கேட்டதை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிற மனிதரின் முகம் அது. முன்பு எனக்கு அது திமிராகத் தெரிந்தது.

ஐந்தாம் பாகம் ஆஸ்கர் காணாமல் போவதோடு முடிந்தது. ஆறாம் பாகத்தைத் தேடினால் அலமாரியில் இல்லை. மகளைக் கேட்டேன். கூடப் படித்த தோழிக்குக் கொடுத்தாளாம், அந்தத் தோழி இப்போது வெள்ளிமலையில் பள்ளிக்கூட டீச்சராம். கள்ளக்குறிச்சிக் கடையில் விசாரித்தோம், இல்லை. மகள் வரும்போது வாங்கி வரச் சொல்லலாம் என்றேன்.

"அவ பொங்கலுக்குத்தான வருவா? அதுவரிக்கும் அந்தப் பையன் இன்னா ஆனான்னு தெரியாம நான் எப்படித் தூங்கறது?" என்றீர்கள். "நாளைக்குப் போயிட்டு வந்துடலாம்."

நான் அம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நீங்கள் கண் ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பினீர்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருவரையொருவர் பார்த்ததும் நாம் சிரித்த சிரிப்பில் பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நீங்கள் முண்டியடித்தீர்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் காது அடைத்தது. இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அந்த மலைக்கு நீங்கள் அதற்கு முன் போனதில்லை. வயலிலிருந்து நீலமாகத் தெரிந்ததை மட்டும் பார்த்திருந்தீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளத்து ஓடையை எட்டிப் பார்த்து, "சாந்தி, இது கீழதான ஓடுது?" என்றீர்கள். பக்கத்தில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

டீச்சர் பெண் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, இந்தப் புக்குக்காகவா மலையேறி வந்தீங்க?"

"பின்ன, தேன் வாங்கவா வந்தோம்?" என்றீர்கள். ஆனாலும் வீட்டில் காட்டுவதற்கு இருக்கட்டும் என்று சாமை கொஞ்சம், தேன் ஒரு பாட்டில் வாங்கினோம்.

இரண்டு மணி பஸ் வரவில்லை. மூன்றும் ஆனது. அடிவாரத்திலேயே வண்டி பழுதாகி நின்றுவிட்டதாக ஜீப்காரர் ஒருவர் சொன்னார். அவர் ஜீப்பில் ஏற்கெனவே ஆள் தொங்கியது. மழை தூறத் தொடங்கியது. நான் பயந்துபோனேன். பொய் சொல்லிவிட்டு வந்தது, இருட்டிவிடுமே என்பது, எல்லாம் சேர்ந்துகொண்டது. நீங்கள் பயப்படவில்லை. டவர் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று போன் போட்டீர்கள்.

"நான் வெள்ளிமலையில இருக்கறேன். சாந்தியும் கூட இருக்கறா."

அந்தப் பக்கத்தில் மாமா ஏதோ கத்தினார்.

"ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போய்க்கலாம். பஸ் இல்ல, வண்டிய எடுத்துக்கினு வாங்க... டிரைவர் லீவுன்னா இன்னா? உங்க தம்பிக்கு ஓட்டத் தெரியாதா?"

போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். போனைத் திரும்பத் திரும்ப முந்தானையில் துடைத்தீர்கள். அதை நான் மட்டும்தான் பார்த்தேன். "வந்தா ரெண்டு பேரும் வருவாங்க. இல்ல, டீச்சர் வூட்ல படுத்துக்கலாம்," என்றீர்கள்.

வந்தார்கள். மாமாவின் மினி வண்டியை என் வீட்டுக்காரர் ஓட்டி வந்தார், பக்கத்தில் மாமா. வீட்டிலிருந்து மலை பாதி ஏறும்வரை ஒரு வார்த்தை கிடையாதாம். ஒரு வளைவில் எதிரே ஜீப் திடீரென்று திரும்ப, மாமா டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "பாத்துடா தம்பி!" என்று அலறிவிட்டாராம். இதை இவர் எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து. சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

நம்மைப் பார்த்ததும் இரண்டு பேரும் கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். மாமா உங்கள் கையில் இருந்த புத்தகத்தையும் அட்டையில் இருந்த நீர்நாயையும் பார்த்தார். "இதான் கோயில் புக்கா?" என்றார். அவ்வளவுதான்.

முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். நாம் பின்னால் ஏறி, கோணிமேல் உட்கார்ந்து, தார்ப்பாயைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டோம். காற்றில் பக்கம் பறந்தது. நீங்கள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் உரக்கப் படித்தேன். வெளிச்சம் இருக்கும்வரை படித்தோம். ஆஸ்கர் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் நீங்கள் கேபின் கண்ணாடியைத் தட்டினீர்கள். வண்டி நின்றது. என்னவோ ஏதோ என்று இரண்டு பேரும் இறங்கி ஓடி வந்தார்கள்.

"ஒண்ணுமில்ல. பையன் பொழச்சிக்கினான்," என்றீர்கள்.

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது மாமாதான்.

அடிவாரத்து டீக்கடையில் மாமா கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மல்லாட்டைக்குத் தண்ணி வுட்டியா?"

"நாளைக்கு வுடணும். நாளைக்கு உன் மொற."

"நீயே போட்டுக்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

சுவரை யாரும் இடிக்கவில்லை. "இருந்துட்டுப் போவுது, புக்கு வெக்கத் தோதா இருக்குது," என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கிணற்றுக்கு இன்றுவரை முறை இருக்கிறது, சண்டை இல்லை.

ஆறாம் பாகம் முடிந்து ஏழாவதை நீங்கள்தான் முதலில் எடுத்தீர்கள். அறுவடை நேரத்திலும் விடவில்லை. முடித்த அன்று சாயங்காலம் அதை என் கையில் வைத்தபோது உங்கள் முகம் சரியில்லை.

"முடிவு எனக்குப் புடிக்கல. அந்தப் பொண்ண அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. பெரிய துரோகம்."

"இன்னா பண்றாங்க அக்கா?"

"சொல்ல மாட்டேன். படிச்சிட்டு வா. சண்ட போடலாம்."

மறுநாள் மதியம் சோளக்காட்டில் நெஞ்சு வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தீர்கள். அதே மினி வண்டியில், இவர் ஓட்ட, உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் வந்தேன். மாமா முன்னால் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கள்ளக்குறிச்சி வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். டாக்டர் சொன்னது எங்களுக்கு முன்பே தெரிந்ததுதான்.

உங்கள் மகன் திருப்பூரிலிருந்து வந்தான். காரியம் எல்லாம் முறையாக நடந்தது. சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே பந்தல் போட்டோம். கடைசிவரை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தது உங்கள் கொழுந்தனார்.

ஏழாம் பாகத்தை என்னால் தொட முடியவில்லை. சண்டை போட ஆள் இல்லாமல் அதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தது. சித்திரை பிறந்து, ஒருநாள் மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது எனக்கே என்மேல் கோபம் வந்தது. நீங்கள் படித்துவிட்டு வரச் சொல்லியிருந்தீர்கள். எடுத்தேன். இரண்டு நாளில் முடித்தேன்.

லின்னா வீடு திரும்பலாம், ஆனால் திரும்பினால் அந்த ஆற்றையும் நாட்டையும் நீர்நாயையும் ராணியையும் மறந்துவிடுவாள் என்கிறான் அவளைக் கொண்டுவிட வந்த படகுக்காரன். அம்மா காத்திருப்பாள் என்று அவள் திரும்பிப் போகிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் பெரியவளாகி, தன் பெண்ணோடு ஒரு சாதாரண ஆற்றங்கரையில் நிற்கிறாள். ஒன்றும் நினைவில்லை. அக்கரையில் யாரோ முன்பின் தெரியாதவர் உதவிக்குக் கூப்பிடுகிறார். எல்லோரும் தயங்கி நிற்க, இவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறாள். அதோடு முடிகிறது.

அக்கா, நீங்கள் சொன்னது தப்பு. அது துரோகம் இல்லை. அவள் மறந்தாள், சரி. ஆனால் அவளுக்குத் தண்ணீரில் இறங்கத் தெரிந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. போன மாதம் பங்காளி ஒருவர் வந்து, கிணற்றை யாராவது ஒருத்தர் பேரில் எழுதிவிடுங்கள் என்று பேச்சைக் கிளப்பினார். இரண்டு பேர் முகமும் மாறியது. முன்பென்றால் உள்ளே போயிருப்பேன். இப்போது நடுக்கூடத்தில் வந்து நின்று, "கிணறு பொதுவுலயே இருக்கட்டும். டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க," என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. உங்கள் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. ஒருநாள் முழுக்க மறக்கலாம். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று நம்பிக்கையாகச் சொல்வேன்.

நீங்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். தெரியும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. காரியம் முடிந்த வாரம் மாமா சுவர் ஓரம் வந்து நின்றார். "அவ அப்படி இன்னாத்ததான் படிச்சா? மொத புக்கக் குடு," என்றார். பேப்பரில் மழைச் செய்தியும் கரும்பு விலையும் மட்டும் படிக்கிறவர். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படிக்கிறார். தண்ணீர் வாய்க்கால் நிரம்பி வழிவதுகூடத் தெரிவதில்லை. இவர் ஓடிப்போய் மடை மாற்றிவிட்டு வருகிறார். நேற்று ஐந்தாவதைத் திருப்பிக் கொடுத்தார்.

"சாந்தி, அந்தப் பையன் பொழச்சிக்குவான்னு எனக்குத் தெரியும். அன்னிக்கே அவ கண்ணாடியத் தட்டிச் சொல்லிட்டா," என்றார். "ஆனா கடைசியில அந்தப் பொண்ணு இன்னா ஆவறா?"

"சொல்ல மாட்டேன் மாமா. படிச்சிட்டு வாங்க," என்றேன்.

தை பிறப்பதற்குள் ஏழாவதை முடித்துவிடுவார். முடித்துவிட்டு உங்கள் கட்சிதான் பேசுவார், எனக்குச் சந்தேகமே இல்லை. பேசட்டும். நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.